பலாமரத்தடிப் பஸ் ஹோல்ட்

எங்கள் ஊர் மரணாதாரச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தில் யாராவது குரலை உயர்த்தினால் உடனே தேநீரும் கடித்துக்கொள்ளக் கருப்பட்டியும் வந்துவிடும். வாயில் கித்துள் கருப்பட்டித் துண்டை வைத்துக்கொண்டு யாராலும் சண்டை போட முடியாது என்பதை யாரோ ஒரு புண்ணியவான் எப்போதோ கண்டுபிடித்திருக்கிறார். அன்று எனக்கு மட்டும் இரண்டு முறை தேநீர் வந்தது.

மாத்தளைக்குப் பக்கத்தில், பல்லேபொலையிலிருந்து உள்ளே போகிற ஊர் எங்களுடையது. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் கூடாரம், கதிரை, பெரிய சட்டிகள், பாதை ஓரம் கட்டும் வெள்ளைக்கொடி எல்லாம் சங்கத்திலிருந்துதான் வரும். எல்லா வீட்டாரும் அங்கத்தவர்கள். சிங்களவரான என் வீட்டுக்காரர் இறந்துபோன பிறகு அவருடைய இடத்தில் நான் போய் உட்காருகிறேன். கூட்டம் நடப்பது பன்சலையில், புத்தர் சிலைக்குப் பக்கத்து மண்டபத்தில். அதில் நான் ஒருத்திதான் தமிழ், நான் ஒருத்திதான் வேதக்காரி. கழுத்தில் சின்னச் சிலுவையோடு பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். யாரும் என்னை விரோதமாகப் பார்த்ததில்லை. பக்கத்துக் கதிரையில் யாரும் உட்கார்ந்ததும் இல்லை.

சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். ஊரே அவரை இஸ்கோலே மாத்தயா, அதாவது வாத்தியார் ஐயா, என்றுதான் கூப்பிடும். அன்று அவர் ஒரு யோசனையைக் கொண்டுவந்தார். பஸ் நிற்கிற சந்தியில் ஒரு பலாமரம் மட்டும்தான் இருக்கிறது, மழைக்கு ஒதுங்க இடமில்லை. அங்கே ஒரு பஸ் ஹோல்ட் கட்டி, யுத்தத்துக்குப் போய் இறந்த ஊர்ப் பிள்ளைகளின் படங்களைச் சுவரில் டைல்ஸாகப் பதித்துவிடலாம். இது புதிய விஷயமில்லை. எங்கள் மாவட்டத்து நாலந்தாப் பக்கம் போனாலும் வழியில் அப்படிப் பஸ் ஹோல்ட்டுகளைப் பார்க்கலாம். சீமெந்து பெஞ்சு, மேலே தகரம், சுவரில் சீருடை போட்ட ஒரு பையன். அவன் தோளில் தலையைச் சாய்த்து யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

நான் எழுந்து, என் வீட்டுக்காரர் படமும் வரவேண்டும் என்றேன்.

அங்கே பேசினது எல்லாம் சிங்களத்தில். எனக்கு ஞாபகத்தில் ஓடுவதோ என் பேச்சில்தான், அதனால் அப்படியே எழுதுகிறேன்.

"அவரும் ஆமிக்குப் போனவருதான் நங்கி. அத யாரும் இல்லன்னு சொல்லல," என்றார் அதிபர், தங்கச்சியிடம் பேசுவதுபோல. "ஆனா அவரு சண்டையில சாகலயே. திரும்பி வந்து, இங்க இருந்து, அப்புறமாத்தானே..."

மீதியை நானே சொன்னேன். "தானா உசுர விட்டாரு. எல்லாருக்கும் தெரியும். சண்டையில இருந்துதான் அத தூக்கிட்டு வந்தாரு. இறக்கி வைக்க இடமில்லாம செத்தாரு."

முதல் தேநீர் வந்தது. நான் தொடவில்லை.

"அவரு செத்தப்ப இதே சங்கம்தான் சந்தியில இருந்து வீடு வரைக்கும் வெள்ளைக்கொடி கட்டுச்சு. எப்புடி செத்தாருன்னு கேட்டுட்டா கட்டுனீங்க? கேக்கலயே. அப்ப இப்ப மட்டும் ஏன் கேக்குறீங்க?"

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்த நேரத்தில் முன்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தார். எங்கள் ஊரிலிருந்து போய் முதலில் செத்தது அவருடைய மகன். சீல் வைத்த பெட்டியில் வந்தான், திறக்க விடவில்லை. அவன் படம் அவர் வீட்டு முன் அறையில் மாலையோடு, பல்பு எரிந்துகொண்டே இருக்கும். அவரை நான் அம்மே என்றுதான் கூப்பிடுவேன், எல்லோரும் அப்படித்தான்.

அம்மே என்னைப் பார்க்கவில்லை. அதிபரைப் பார்த்துத்தான் பேசினார். "அந்தப் படம் வந்தா என் மகன் படத்த எடுத்துருங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கவேணாம்."

அப்போது என் நாக்கு நுனிவரைக்கும் ஒரு வார்த்தை வந்தது.

அதைச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். எங்களுக்குக் கல்யாணமான புதிதில், மகனுடைய நினைவுத் தானத்துக்கு அம்மே எங்களைக் கூப்பிட்டிருந்தார். என் வீட்டுக்காரர் அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டார். திரும்பி வரும் வழியில் என்னிடம் சொன்னார்: "அந்தச் சட்ட அந்தப் பையனோடது இல்ல. அவன் இருந்த படைப்பிரிவு சின்னமும் இல்ல, தொப்பியும் இல்ல. ஸ்டூடியோக்காரன் கையில கெடச்சத மாட்டிவிட்டிருக்கான். யாருகிட்டயும் சொல்லிராத. அந்த அம்மா அதத்தான் கும்புடுறா."

அன்று கூட்டத்தில் எனக்கு வந்த கோபத்தில், முதலில் உங்கள் மகன் போட்டிருக்கிற சட்டை யாருடையது என்று கேளுங்கள் என்று கத்தியிருப்பேன். சரியான நேரத்தில் இரண்டாவது தேநீர் வந்தது. எடுத்துக் குடித்தேன். வாய் வெந்ததோடு அந்த வார்த்தையும் உள்ளே போனது.

அதிபர் சாமர்த்தியக்காரர். எழுந்து இரண்டு விஷயம் சொன்னார். எல்லாப் படமும் சீருடையில் இருக்கவேண்டும், என் வீட்டுக்காரர் படமும் அப்படி இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அம்மேயின் மனது நோகாமல் நடக்கவேண்டும், அம்மே சம்மதித்தால் சங்கத்துக்கு ஒரு தடையும் இல்லை. ஆக, பூனைக்கு மணி கட்டுகிற வேலையும் என் தலையில்தான் விழுந்தது.

வீட்டுக்கு வந்து தேடத் தேவையே இருக்கவில்லை. சீருடைப் படம் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். படையை விட்டு வந்த வருஷமே அவர் எல்லாவற்றையும் பின்கட்டு அடுப்பில் போட்டுவிட்டார். சட்டையையும் சேர்த்துத்தான். நான் தடுக்கவில்லை. அரசாங்கக் கச்சேரியில் பதிவு செய்து முடித்த கல்யாணம் எங்களுடையது. என் பக்கத்திலிருந்து ஒருத்தரும் வரவில்லை, படம் எடுக்கவும் ஆளில்லை.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு படம். அதை எடுத்தது என்னோடு கார்மென்ட்ஸில் வேலை செய்கிற ஒருத்தி. வேலை முடிந்து நான் பஸ்ஸில் வந்து இறங்கும்போது அவர் சந்தியில் நிற்பார். மழையோ வெயிலோ, அந்தப் பலாமரத்தடியில், சாரம் கட்டி, குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. கடைக்குப் போகமாட்டார், கல்யாண வீட்டுக்குப் போகமாட்டார், பெருநாளில் பட்டாசு சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருப்பார். ஆனால் சந்திக்கு வராத நாள் இல்லை. இந்தப் பெண் ஒருநாள் பஸ் ஜன்னலிலிருந்து போனில் பிடித்துவிட்டு, "ஒங்க மாப்பிள்ள காவலுக்கு நிக்கிறாருடி," என்று கேலி செய்தாள். படத்தில் அவர் பஸ்ஸைத்தான் பார்க்கிறார். அதாவது என்னை.

இறங்கியதும் அவர் கேட்பது ஒன்றே ஒன்று. "வந்தாச்சா?" அவருக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்தான். அதில் நான் சொல்லிக்கொடுத்தது இது.

நான் சொல்லிக்கொடுக்காத ஒன்றும் அவருக்குத் தெரிந்திருந்தது. கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை, சோறு போட்டுக்கொண்டிருந்தபோது அர்த்தம் தெரியாமலே ஒரு வசனத்தைச் சொல்லி, அது என்ன என்று கேட்டார். ஒரு சத்தமும் பிசகாமல் சொன்னார். "உள்ளுக்கு பிள்ளையள் இருக்கினம்." வடக்குத் தமிழ். எங்கே கேட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. உள்ளே குழந்தைகள் இருக்கிறார்கள் என்று அர்த்தம் என்றேன். தலையை ஆட்டினார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அதற்குப் பிறகு அந்த வசனத்தை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. இதனால்தான் என்று ஒன்றைக் கையில் எடுத்துக் காட்ட என்னால் முடியாது. ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன், கொஞ்சகாலம் மருந்தும் குடித்தார், நல்ல நாட்களும் இருந்தன. கேட்கிறவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்தால் நிம்மதி. எனக்கு அந்த நிம்மதி கிடைக்கவில்லை, இருக்கிறதைச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாத்தளை டவுனில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். கடைக்காரர் நம் ஆள், அம்மன் கோயில் விபூதி நெற்றி நிறைய. போனில் இருந்த படத்தைப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

"இது ஒரு வேலையே இல்லக்கா. தலைய மட்டும் எடுத்து யூனிபோர்ம்ல வச்சுருவேன். எத்தன பேருக்கு செஞ்சிருக்கேன்."

கம்ப்யூட்டரில் தலையில்லாத சீருடைகள் வரிசையாக வந்தன. கோட்டு, டை, பட்டுவேட்டியும் இருந்தது. சாமி படத்துக்குப் போடுகிற மாலைகள்கூட இருந்தன.

"பதக்கம் வேணுமாக்கா? போட்டா எடுப்பா இருக்கும்."

"அவருக்கு என்ன குடுத்தாங்கன்னு எனக்கே தெரியாது தம்பி."

"பரவாயில்ல, சும்மா ரெண்டு போட்டுருவோம். கழுத்து மட்டும் சரியா வரல. காலர ஏத்திவிடுறேன்."

ஏற்றிவிட்டார். என் வீட்டுக்காரர் திரையில் வந்தார். பச்சைச் சீருடை, இறுக்கிய காலர், நெஞ்சில் இரண்டு பதக்கம். கண்கள் மட்டும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தன. என்னைத் தேடுகிற கண்களை வெட்டி எடுத்து அந்தச் சட்டைக்கு மேலே வைத்திருந்தார்கள். அந்தச் சட்டை எரியும்போது அவர் அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கடைசிப் பட்டனும் உருகும்வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

"கழட்டுங்க தம்பி," என்றேன்.

"பதக்கத்தயா?"

"சட்டைய."

"கழட்டினா மறுபடியும் சாரம்தானேக்கா?"

"அதான் வேணும். அவரு எரிச்சுப்போட்டத நான் மாட்டிவிட்டா அவரு ஆத்மா என்னய மன்னிக்காது. குடையோட, மரத்தோட, இருக்குற மாதிரியே பெருசா அடிச்சுக் குடுங்க."

படத்தைக் கடித உறையில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்கு நடந்தேன். அக்கா டவுனில்தான் இருக்கிறாள். அவர் உயிரோடு இருந்தபோது ஒருநாளும் அவருடைய பெயரைச் சொன்னதில்லை, "அந்த ஆளு" என்றுதான் சொல்வாள். சாவுக்கு வந்தாள். வந்து, சாப்பிடாமல் போனாள். அன்று தேநீர் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"செவுத்துல படம் வந்தா ஒனக்கு என்ன கெடைக்கப் போகுது? ஆமிக்காரன் பொண்டாட்டின்னு பட்டமா?"

"எனக்கு அவரு அங்க இருக்கணும், அவ்ளோதான்."

"வடக்குல அத்தன சனம் செத்துப்போச்சே. அதுங்களுக்கு எந்த ரோட்டுல ஹோல்ட் கட்டியிருக்காங்க? அதுங்க பேர எந்த டைல்ஸ்ல போட்டிருக்காங்க?"

அவள் சொன்னதில் பொய்யில்லை. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்ததை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், பார்த்தாயா என்பாள். அதைக் கேட்கிற தெம்பு எனக்கு இருக்கவில்லை. ஊரில் அந்த வசனத்தைப் பற்றிச் சொன்னால் புரிந்துகொள்ள மாட்டார்கள், இங்கே சொன்னால் அதை மட்டுமே புரிந்துகொள்வார்கள். உலகத்தில் அதை என்னோடு சேர்ந்து தெரிந்துவைத்திருந்தவர் ஒருவர்தான், அவரும் போய்விட்டார். தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தேன். அக்கா ஒரு பை நிறைய முருங்கைக்கீரை கட்டிக்கொடுத்தாள். அவள் பாசமெல்லாம் எப்போதும் பையில்தான் வரும்.

அம்மே வீட்டுக்குப் போகாமல் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். பிறகு வெட்கத்தை விட்டுப் போனேன். முற்றத்தில் பாயில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது, அம்மே காலால் கிளறிக்கொண்டிருந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சட்டை விஷயத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். கோபத்துக்காக இல்லை. திறப்பு விழாவுக்கு ஆமி ஆட்கள் வருவார்கள், வேறு படைச் சின்னத்தோடு அந்தப் பையன் சுவரில் இருந்தால் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. உறையைப் பிரித்துப் படத்தை நீட்டினேன்.

அம்மே கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினார். வெகுநேரம் பார்த்தார்.

"இது நம்ம சந்தி."

"ஆமா அம்மே."

"இவன் இப்புடித்தான் நிப்பான். ஒருநாளு என் மிளகு மூட்டைய பஸ்ஸுல ஏத்திவிட்டான். ஒரு வார்த்த பேசல." பிறகு கேட்டார்: "யூனிபோர்ம் படம்தானே கேட்டாங்க?"

"ஸ்டூடியோவுல போட்டுப் பாத்தேன் அம்மே. தலைய ஒட்டிக் காட்டுனாங்க. என்னால பாக்க முடியல. கழட்டச் சொல்லிட்டேன். இத வேணாம்னு சொன்னாலும் பரவாயில்ல, ஒங்ககிட்ட காட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

அம்மே என்னை நிமிர்ந்து பார்த்தார். கூட்டத்திலிருந்து அன்றுவரைக்கும் அதுதான் முதல் தடவை.

"உள்ள வா."

முன் அறையில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அம்மே மகனுடைய படத்துக்குக் கீழே நின்று, மகளைக் கூப்பிடுவதுபோல என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இதுவும் ஒட்டுனதுதான் துவே. அவன் போயி கொஞ்ச நாள்தான். யூனிபோர்மோட ஒரு படம்கூட எடுத்து அனுப்பல. பெட்டிய தொறக்க விடல. செத்த வீட்டுக்கு வைக்க படம் வேணும்னு சொன்னாங்க, ஸ்கூல் படத்துல இருந்து தலைய வெட்டி ஒட்டுனாங்க. கழுத்தப் பாரு. என் மகன் கழுத்து அப்புடியா?" படத்தின் மாலையை நேராக்கினார். "ஒன் புருஷன் இங்க வந்தா இதுக்கு முதுக காட்டிட்டுத்தான் ஒக்காருவான். எனக்கு அவ்வளவு கோவம் வரும். இவனுக்கு எல்லாம் தெரியுது, அதான் பாக்க மாட்டேங்குறான்னு."

ஆமாம், தெரியும் அம்மே, யாரிடமும் சொல்லாதே என்றார் என்று சொன்னேன். அம்மே அழத் தொடங்கினார். நானும் அழுதேன். இருவரும் தனித்தனியாகத்தான் அழுதோம், கட்டிப்பிடித்துக்கொள்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. பிறகு அம்மே அலமாரியிலிருந்து ஒரு படத்தை எடுத்துவந்தார். பள்ளிக்கூட வொலிபோல் டீம். பின்வரிசையில் ஓரத்தில் ஒரு பையன், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மெல்லிய கழுத்தோடு.

"இதத்தான் குடுக்கப் போறேன்," என்றார். "கும்பிட்டதெல்லாம் யாரோ ஒருத்தன் சட்டைய. இவன போய் எல்லாரும் பாக்கட்டும்."

அடுத்த கூட்டத்தில் அம்மே எழுந்து இரண்டு படங்களையும் மேசையில் வைத்தார். அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். வொலிபோல் உடுப்பும் சாரமும் ஒரு நினைவுச் சுவரில் எப்படி இருக்கும் என்று மெதுவாகக் கேட்டார்.

"ஊர்ப் புள்ளைங்க மாதிரி இருக்கும்," என்றார் அம்மே. தேநீர் தயாராக வந்துகொண்டிருந்தது, தேவைப்படவில்லை.

அப்போது நான் இன்னொருவரை ஞாபகப்படுத்தினேன். மேல் ஊரில் ஒருவர் இருந்தார். என் வீட்டுக்காரரைப் போலவே வந்து, அதேபோலப் போனவர். மனைவி பிள்ளைகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள், அவருக்காகக் கேட்கவும் படம் கொண்டுவரவும் ஒருவருமில்லை. பெயரை மட்டும் எழுதி ஒரு வெறும் டைல்ஸ் வைப்பது என்று முடிவானது. எங்கே, எப்போது, எப்படி இறந்தார்கள் என்று யாருக்கும் எழுதுவதில்லை என்றும் முடிவானது. திறப்பு விழாவுக்கு பன்சலை ஹாமதுரு வந்து பௌத்த முறைப்படி பிரித் ஓதினார். நான் மனசுக்குள் மாதாவுக்கு ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னேன். அக்கா வரவில்லை. வருவாள் என்று நான் எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அதெல்லாம் முடிந்து மாதங்களாகிவிட்டன. இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்கிறார்கள். வெறும் டைல்ஸ் மேல் யாரோ வெற்றிலைச் சுண்ணாம்பு தடவியிருந்தார்கள், அம்மே திட்டிக்கொண்டே துடைத்தார். கூட்டத்தில் என் பக்கத்துக் கதிரை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அம்மே முன்வரிசைக்காரர், அவர் இடத்தை விட்டு வரமாட்டார்.

நான் இன்னும் அதே வேலைக்குத்தான் போகிறேன், அதே பஸ்ஸில்தான் வருகிறேன். வளைவில் திரும்பும்போதே சுவர் தெரியும். எல்லோரும் நேராகப் பார்க்கிற வரிசையில் அவர் மட்டும் கொஞ்சம் தலையைத் திருப்பி, பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார், சாரத்தோடு, குடையோடு. பஸ் என்னை இறக்கிவிட்டுப் போய்விடும். சந்தியில் சில நேரம் யாரும் இருக்கமாட்டார்கள். கேட்க வேண்டியவர் கேட்கமாட்டார் என்று தெரியும். ஆனாலும் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பேன்.

"வந்தாச்சு," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடப்பேன்.